அப்பாவின் வலது கையும் ஒரு துருப்பிடித்த நட்டும்

அப்பாவின் முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்து, வயிறார உண்டு, கையில் இந்த நினைவு மலரோடு வீடு திரும்பும் சொந்தபந்தங்களுக்கும் ஒர்க்‌ஷாப் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே மகன் கைகூப்பிச் சொல்லிக்கொள்வது.

இதை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தவர் சித்தப்பா. அப்பாவின் உடன்பிறந்த தம்பி. முப்பது வருடத்துக்கும் மேலாக அப்பாவோடு ஒரே ஒர்க்‌ஷாப்பில் நின்றவர். "நாலு நல்ல வார்த்தையா எழுது. நீதான அவுகளுக்கு ஊட்டி ஊட்டிப் பாத்தவன்" என்றார். உங்களில் பாதிப் பேர் என்னைப் பற்றி வெளியாட்களிடம் சொல்லும் முதல் செய்தியும் அதுதான். அப்பாவுக்குப் பதினோரு வருடம் சோறு ஊட்டிய பிள்ளை. பெண் கொடுக்கும் இடத்திலும் பெண் எடுக்கும் இடத்திலும் என்னை உதாரணம் காட்டிப் பேசியிருக்கிறீர்கள். அந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். நல்ல வார்த்தை நாலு தேறுமா என்று எனக்கே சந்தேகம்.

அப்பா பிறந்தது பண்ணைப்புரத்துக்குப் பக்கத்தில். தாத்தாவுக்கு மானாவாரி நிலம் கொஞ்சம் இருந்தது, மழை இருந்ததில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுக் கம்பத்தில் ஒரு ஜீப் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த முதலாளி தப்புச் செய்தால் கையில் இருக்கும் ஸ்பேனரை எறிவாராம். அப்பாவின் புருவத்துக்கு மேலே இருந்த தழும்பு அப்படி வந்ததுதான். பின்னாளில் அப்பாவே முதலாளி ஆனபோது அவரும் எறிந்தார். குறி மட்டும் முதலாளியைவிடச் சுத்தம்.

கம்பம் மெட்டு ரோட்டில் அவர் சொந்தமாகத் தகரக் கொட்டகை போட்ட நாளிலிருந்து, விடியும் முன்னால் ஆள் ஏற்றிக்கொண்டு ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகளில் பாதிக்கு மேல் அவர் கைக்குத்தான் வந்தன. என்ஜின் பக்கம் போக மாட்டார். சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் கமான் பட்டை, புஷ், ஷாக் அப்சார்பர், கீழ் ஆர்ம், இவ்வளவுதான் அவர் வேலை. சந்தேகம் உள்ள ஒரு போல்ட்டோடு எந்த வண்டியையும் மலை ஏற விட்டதில்லை. டிரைவர் மல்லுக்கு நின்றால் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "பதினஞ்சு பொம்பளைகள ஏத்திக்கிட்டுப் போறவன் நீ. செத்தா நீ மட்டும் சாவு" என்பார். அவரிடம் திட்டு வாங்காத டிரைவர் அந்த ரோட்டில் கிடையாது. அவர் கை பட்ட வண்டி வளைவில் விழுந்ததாகவும் கிடையாது. இதை நல்ல வார்த்தையில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். குழம்பில் உப்புக் கூடினால் தட்டு முற்றத்தில் போய் விழும். அம்மா அதை எடுத்துக் கழுவி வேறு சோறு போட்டுக் கொண்டுவந்து வைப்பார். அப்பாவுக்குக் கோபமே வராத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. துருப்பிடித்த நட்டு. மனுசரிடம் காட்டாத பொறுமையை எல்லாம் அதனிடம் காட்டினார்.

மேலே ஏலத்தோட்டத்தில் வருடத்தில் பாதி நாள் மழை. அந்த வண்டிகளின் அடியில் நட்டும் போல்ட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துப்போய்க் கிடக்கும். அப்பா முதலில் கம்பி பிரஷ்ஷை வைத்துப் போல்ட்டின் திருகுமரையைத் தேய்ப்பார். டீசலில் பிரேக் ஆயிலைக் கலந்து சொட்டுச் சொட்டாக விடுவார். சுத்தியலால் நட்டின் ஆறு பக்கமும் சுற்றிச் சுற்றித் தட்டுவார். பிறகு அவிழ்க்க மாட்டார், ஒரு மயிரிழை இறுக்கிப் பார்ப்பார். துருவின் பிடி முதலில் விடுவது அப்படித்தான் என்பார். அதற்கும் மசியாவிட்டால் நட்டை மட்டும் கேஸ் வைத்துச் சூடாக்கி, மரையின் ஓரத்தில் மெழுகுவத்தியை வைப்பார். மெழுகு உருகி உள்ளே இறங்கும். அதற்கும் வராவிட்டால் "ஊறட்டும்" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். ஸ்பேனரில் பைப்பை மாட்டி மிதிக்கிறவனை அவருக்குக் கண்டாலே ஆகாது.

என்னை ஒர்க்‌ஷாப்புக்குள் அவர் விட்டதில்லை. படிக்க வைத்தார். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் ஆசிரியர் ஆனேன். ஸ்பிரிங்கின் விசையைக் கணக்கிடும் சூத்திரத்தைப் பலகையில் எழுதிப் பாடம் நடத்துகிறவன். இதில் அப்பாவுக்குப் பெருமை இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒர்க்‌ஷாப் பக்கம் நான் தலையைக் காட்டினால், நாலு டிரைவர்கள் நிற்கும்போது தரையில் கிடக்கும் நட்டைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, "வாத்தியாரே, இதுக்கு எத்தனாம் நம்பர் ஸ்பேனர்?" என்று கேட்பார். நான் சொல்வது பெரும்பாலும் தப்பாக இருக்கும். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாதான் முதலில் சிரிப்பார்.

எனக்குப் பெரியகுளத்தில் ஒரு வீட்டில் பெண் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று சொல்லியனுப்பினோம். பெண் வீட்டாருக்கு மாந்தோப்பு உண்டு, வாசலில் புது வண்டி நிற்கும் என்று தரகர் சொல்லியிருந்தார். நாங்களும் சொந்தக் காரில்தான் வருவோம் என்று போனில் நான் வாயைவிட்டேன். எங்கள் கார், மலைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து அப்பா வாங்கிய பழைய வண்டி. பல வருடம் மழையிலேயே நின்றது. முன்பக்கம் இடது சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்மில் ரப்பர் புஷ் தேய்ந்து பள்ளத்தில் எல்லாம் டக்டக்கென்று சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டுக் கார் அப்படிச் சத்தம் போட்டுக்கொண்டு போய் நிற்கக் கூடாது என்று, வியாழக்கிழமையே புஷ்ஷை மாற்றச் சொல்லி அப்பாவை நச்சரித்தேன்.

வியாழன் மதியம் அப்பா சக்கரத்தைக் கழற்றினார். ஆர்மை வண்டியோடு சேர்த்துப் பிடிக்கும் போல்ட்டின் நட்டு அசையவில்லை. தேய்த்தார், எண்ணெய் விட்டார், தட்டினார். பொழுது சாய்ந்ததும் "ஊறட்டும்" என்று விட்டுவிட்டு வந்துவிட்டார். வெள்ளி காலை போய்ப் பார்த்தபோதும் அது அப்படியே இருந்தது. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் கிளம்பியாக வேண்டும். வகுப்பில் யாராவது ராகு காலம், எமகண்டம் என்று பேசினால் கேலி செய்கிறவன் நான். அன்றைக்கு மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தேன்.

அப்பா நிதானமாகத்தான் இருந்தார். சித்தப்பாவை வாடகைக் கார் பிடித்துவர அனுப்பிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னொரு நா ஊறட்டும்டா. தானா வரும். வாடகைக் கார்ல போயிட்டு வருவோம்."

"நாளைக்கா பொண்ணு பாக்கப் போறோம்?" என்றேன். அவரிடம் நான் குரல் உயர்த்திப் பேசியது அன்றுதான் முதல்முறை. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். கொட்டகையில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா வீட்டில் பூவும் பழமும் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

நடந்ததை மெக்கானிக் தெரியாதவர்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். அந்த ஆர்முக்கு மேலே ஒரு பெரிய சுருள் ஸ்பிரிங் அமுங்கி உட்கார்ந்திருக்கும். காரின் முன்பக்கப் பாரத்தைத் தாங்குவது அதுதான். போல்ட்டைக் கழற்றினால் அது ஆர்மைத் தெறிக்க அடித்துவிடும். அதனால் ஆர்முக்கு அடியில் ஜாக்கியை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். அப்பா கொடுத்திருந்தார். அவர் அந்தப் பக்கம் போல்ட்டின் தலையை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டார். வலது கை, ஆர்முக்கும் அது மாட்டியிருக்கும் இரும்புப் பிடிப்புக்கும் நடுவில் இருந்தது. இந்தப் பக்கம் நட்டு என்னிடம். நான் ஸ்பேனரில் நீளமான பைப்பை மாட்டினேன். பைப்பைச் சுற்ற ஜாக்கி இடைஞ்சலாக இருந்தது. அப்பா அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ சொன்னார். நான் ஜாக்கியின் திருகைத் தளர்த்தி இறக்கி வெளியே இழுத்தேன்.

இறக்கியும் ஒன்றும் ஆகவில்லை. துரு அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருந்தது. எனக்கு இன்னும் தைரியம் வந்தது. பைப்பின் மேல் ஒரு காலை வைத்து முழுப் பாரத்தையும் போட்டு மிதித்தேன். நட்டு அவிழவில்லை, போல்ட்டு இரண்டாக முறிந்தது. ஆர்ம் தெறித்து, அப்பாவின் மூன்று விரல்களை அந்த இரும்புப் பிடிப்பின் விளிம்போடு வைத்து நசுக்கியது. அப்பா கத்தவில்லை. "கைய எடுக்க முடியல" என்று மட்டும் சொன்னார். யாரோ ஒருவருடைய பொருளைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின. மற்ற மூன்றையும் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பதில் சொன்னார்: "நான்தான் ஜாக்கிய எறக்குனேன். வயசாச்சுல்ல, கவனம் பெசகிருச்சு."

இத்தனை வருடம் கழித்தும் வெட்கத்தோடு எழுதுகிறேன், அந்த நேரத்தில் எனக்கு வந்தது நிம்மதி. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. இயந்திரப் பாடம் நடத்துகிறவன் ஸ்பிரிங்குக்கு முட்டுக் கொடுத்த ஜாக்கியை எடுத்து அப்பன் கையை நசுக்கினான் என்று வெளியே தெரிந்தால் என் வகுப்பு என்ன ஆகும், பெரியகுளத்துப் பெண் என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மறுநாள் பெண்ணின் அப்பா ஆஸ்பத்திரிக்கே அப்பாவைப் பார்க்க வந்தார். என்னை மருந்து வாங்கிவர அனுப்பினார்கள். நான் திரும்பிவந்தபோது இருவரும் மாந்தோப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதத்தில் கல்யாணம் ஆயிற்று. அப்பா என்னைக் காப்பாற்றிவிட்டார் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை கல்யாணப் பந்தி வரைக்கும்தான் இருந்தது.

மணமக்களோடு பெரியவர்கள் உட்காரும் பந்தி. அப்பா என் வலதுபுறம் உட்கார்ந்தார். இலை போட்டு எல்லாம் பரிமாறினார்கள். அவர் அந்த இரண்டு விரல் கையை எடுத்து இலையின் நடுவில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். இடது கையால் சாப்பிட நம் வீட்டில் யாருக்கும் மனசு வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதுவரை வீட்டில் அம்மாதான் ஊட்டிவந்தார். அம்மா எழுந்து வந்தார். அப்பா அவரைக் கண்ணாலேயே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏலே, நீ ஊட்டிவிடு" என்றார்.

நான் ஊட்டினேன். பந்தியே சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. பெண் வீட்டு அத்தைமார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். போட்டோகிராபர் ஓடிவந்து எடுத்தார். நடுப்பக்கத்தில் நீங்கள் பார்க்கும் படம் அதுதான். அதில் அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாசம் என்று நினைத்துத்தான் அதை நடுப்பக்கத்தில் போட்டிருக்கிறார்கள்.

அன்று ஆரம்பித்தது. நான் வீட்டில் இருந்தால் என் கையால்தான் சாப்பிடுவார். பாலிடெக்னிக்கிலிருந்து நான் வர நேரமானால் பசியோடு காத்திருப்பார். கல்யாணம், காதுகுத்து, கிடா வெட்டு, எந்த விசேசமானாலும் என்னைக் கூட்டிக்கொண்டுதான் போவார். ஓரமாக உட்கார மாட்டார். பந்தியின் நடுவில், ஆள் அதிகம் இருக்கும் வரிசையில் போய் உட்காருவார். சோறு சூடாக இருந்துவிட்டால் துப்பிவிட்டு, "சுடுதுடா. ஒனக்குக் கை இருக்குல்ல, தொட்டுப் பாக்க மாட்டியா?" என்று கேட்பார். பக்கத்து இலைக்காரர்கள் பெரியவரின் செல்லக் கோபம் என்று சிரிப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரியும். அவருக்கு ஊட்டி முடித்து, என் இலையில் ஆறிப்போன சோற்றைக் கடைசிப் பந்தியில் தின்றிருக்கிறேன். "இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கெடைக்கும்" என்று கை கழுவும் இடத்தில் என் முதுகைத் தட்டுவீர்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. உருண்டையை வேண்டுமென்றே பெரிதாகப் பிடித்துத் திணிப்பேன். தயிர்ச்சோற்றில் மிளகாயை மறைத்து வைத்திருக்கிறேன். ஒருமுறை, முள் எடுக்காமலே தின்னும் அயிரை மீன் குழம்பு என்று சொல்லி, வேறு பெரிய மீனின் சதையை முள் பார்க்காமல் ஊட்டினேன். பார்க்காமல் என்றா சொன்னேன், முள் இருப்பது தெரிந்தேதான் ஊட்டினேன். அப்பா மென்றுகொண்டே வந்தவர் நிறுத்தினார். நாக்கால் துழாவி அந்த முள்ளை வெளியே எடுத்து, என் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு வாயைத் திறந்தார். அன்று முழுச் சோற்றையும் சாப்பிட்டார்.

இன்னொரு நாள் மதியம் தலைவலி என்று விடுப்புப் போட்டுவிட்டுச் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். அப்பா அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் கரண்டியைப் பிடித்து, ஒரு பருக்கை சிந்தாமல், வலது கையாலேயே. பழகிய கை அது, ஒருநாளில் வந்த பழக்கம் அல்ல. நிலைப்படியில் நான் நிற்பதைப் பார்த்தார். கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து மிச்சத்தை ஊட்டினேன்.

எத்தனையோ தரம் சொல்லிவிட நினைத்தேன். பந்தியில் யாராவது "கை எப்படிப் போச்சு?" என்று கேட்பார்கள். அப்பா மெதுவாக, "நான்தான் ஜாக்கிய எறக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். "இல்லை, நான்தான்" என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி ஒவ்வொரு முறையும் வந்தது. ஒவ்வொரு முறையும் நான் அடுத்த உருண்டையைப் பிடித்தேன். அவர் என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவாரோ என்ற பயத்திலேயே பதினோரு வருடம் போயிற்று. மனைவிக்குத் தெரிந்துவிடுமோ, மாமனாருக்குத் தெரிந்துவிடுமோ, உங்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று ஒவ்வொரு விசேசத்துக்கும் பயந்துகொண்டே வந்தேன்.

போன வருடம் அப்பாவுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. வீட்டிலேயே இருபது நாள் படுக்கையில் கிடந்தார். கஞ்சிதான் ஆகாரம். ஒரு காலையில் நான் பக்கத்தில் உட்கார்ந்து புகட்டிக்கொண்டிருந்தேன். அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். அப்பா என் மணிக்கட்டை அந்த இரண்டு விரலால் பிடித்தார். பேச்சு குழறியது, ஆனாலும் எனக்குத் தெளிவாகவே புரிந்தது.

"ஏலே, என்ட்ட ஏதாச்சும் சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லப்பா. குடிங்க" என்றேன்.

கையை விட்டுவிட்டார். வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு என் கையால் ஒரு வாய் வாங்கவில்லை. அம்மா கொடுத்தால் குடித்தார், என் மனைவி கொடுத்தால் குடித்தார். நான் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். உடம்பு ஏற்கவில்லை என்று உங்களிடம் சொன்னேன். ஆறாம் நாள் போய்விட்டார். வாய்க்கரிசி போட என்னைக் கூப்பிட்டார்கள். நான் குனிந்தபோது, பழக்கதோசத்தில் என் இடது கை அவர் தாடைக்கு அடியில் போய் நின்றது. "கடைசிச் சோத்தையும் எப்படி ஊட்டுறான் பாரு" என்று அத்தை ஒருவர் சத்தமாக அழுதார். மறுக்க முடியாத வாய்க்குள் அரிசியைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

இதுவரைக்கும்தான் இந்தக் கட்டுரையை முதலில் எழுதினேன். ஜாக்கியை இறக்கியது நான் என்று ஊரறியச் சொல்லிவிட்டேன், இனி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வீராப்போடு முடித்திருந்தேன். அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் முன்னால் நின்று சொல்லத் தைரியம் இல்லை, காகிதத்தை நீட்டினேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தாள். படித்து முடித்துத் தாள்களை அடுக்கி என்னிடமே கொடுத்தாள்.

"இது எல்லாருக்கும் தெரியும்ங்க" என்றாள்.

யாருக்கு என்றேன். எல்லோருக்கும் என்றாள். கல்யாணத்துக்கு முன்பே அவளுக்குத் தெரியுமாம். நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் அப்பா அவளுடைய அப்பாவிடம் சொல்லிவிட்டாராம். மனைவி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மாமா எங்கப்பாட்ட எதையும் மறைக்கல. 'ஜாக்கிய எறக்குனது எம்மகன். தொடாதடான்னு சொன்னேன், அவன் காதுல விழல போல. மத்தபடி நல்லவந்தான். இதக் கேட்டுட்டு நீங்க பொண்ணு குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி'ன்னு சொன்னாக. எங்கப்பா அதுக்காகத்தான் குடுத்தாக. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்க எல்லார்ட்டயும் சத்தியம் வாங்கிட்டாக."

பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்தவளிடம் நான் என்னென்னவோ கத்தினேன். அவள் திரும்ப உட்கார்ந்து பீன்ஸை நறுக்கினாள். சட்டையை மாட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். சித்தப்பா ஒரு ஜீப்பின் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எப்போது கேட்பான் என்று காத்திருந்தவர்போல் பேசினார்.

"அன்னைக்குச் சாயங்காலமே அண்ணன் எங்கிட்டச் சொல்லிட்டாக. சொந்தக்காரங்க எல்லாருக்கும் அவுகதான் சொன்னாக. அவனாச் சொல்லட்டும், யாரும் கேக்கக் கூடாதுன்னாக. பந்தியில ஒன்னய ஊட்டச் சொன்னதே, நாலு பேருக்கு முன்னாடி வச்சுக் கேட்டாவது சொல்லிருவியான்னுதான். ஒவ்வொரு விசேசம் முடிஞ்சும் இங்கன வந்து உக்காந்து, 'இன்னைக்கும் சொல்லலடா'ம்பாக."

"அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. நான் சொல்லி அவருக்கு என்ன ஆகப்போகுது?" என்றேன்.

சித்தப்பா ஸ்பேனரைக் கீழே வைத்தார். "எல்லாம் தெரியாது. தொடாதடான்னு சொன்னது ஒனக்குக் கேட்டுச்சா, கேக்கலயா? அது ஒண்ணுதான் அவுகளுக்குத் தெரியல. கேக்காமச் செஞ்சிருந்தா நீ மடையன். கேட்டும் செஞ்சிருந்தா நீ வேற ஆளு. எம்மகன் யாருன்னு தெரியாமயே சாகப்போறேன்டான்னு, படுக்கையில விழுகுறதுக்கு முந்துன நாளு சொன்னாக" என்றார்.

இதில் யார் யாருக்குக் கொடுமை செய்தார் என்று எனக்கு இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் என்னை நேராகக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். பெற்ற மகனைப் பதினோரு வருடம் பந்தியின் நடுவில் உட்கார வைத்து, ஊரே தெரிந்துகொண்டு வேடிக்கை பார்க்கும்படி செய்தவர் என் அப்பா. அவருக்குத் தெரிய வேண்டிய ஒரே ஒரு விசயத்தைக் கையில் சோற்றோடு உட்கார்ந்து மறைத்தவன் நான். அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

வழக்கப்படி நன்றி சொல்ல வேண்டும். கடைசி நாட்களில் வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும், ஊசி போட வந்த நர்சம்மாவுக்கும் நன்றி. பாடையைத் தோள் மாற்றாமல் சுடுகாடுவரை தூக்கிவந்த ஜீப் டிரைவர்களுக்கு நன்றி. அவர்கள் எல்லோருமே அவரிடம் திட்டு வாங்கியவர்கள். அவருடைய கோபத்தையும் என் கள்ளத்தையும் ஒரே வீட்டில் வைத்துச் சமைத்துப் போட்ட அம்மாவுக்கும் என் மனைவிக்கும் நன்றி. எல்லாம் தெரிந்தும் எதிர் இலையில் உட்கார்ந்து, இப்படி ஒரு பிள்ளை உண்டா என்று என் காதுபடச் சொன்ன உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினீர்கள். இனிமேல் பந்தியில் என் பக்கத்தில் யாரும் உட்கார வேண்டாம்.

அப்பா, நீங்கள் கேட்காமலே காத்திருந்ததற்குப் பதில் இது. வண்டிக்கு அடியிலிருந்து நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது.